முதல் பந்தியில் ரெண்டு இலை

சின்னப்பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அத்திமேடு காலனியில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. அவளையே கேட்டாலும் ஆமாம் என்பாள். ஆனால் அன்றைக்குச் சங்கத்துக் கூட்டத்தில் அவள் வாய் விட்டாளே, அதற்கு மட்டும் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

எழுபத்து மூன்றாம் வருஷம், பொங்கல் கழிந்த சமயம். செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி ஏரிக்கரையோடு நடந்தால் அத்திமேடு வரும். அப்பன் பாட்டன் எல்லாம் மேலத்தெருக்காரர் நிலத்தில் சேற்றில் நின்ற ஜனம். இப்போது ஆம்பிளைகளில் பாதிப்பேர் விடிகாலைக் கரி வண்டியைப் பிடித்து ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். கம்பெனிக்குப் போகிறவன் நாலு மீட்டிங்கைப் பார்த்துவிட்டு வருவானா இல்லையா? வந்தான். வந்தவன் சங்கம் வைத்தான். சங்கத்தின் முதல் தீர்மானம், பாக்கியநாதனுக்கும் மேரிக்கும் பாராட்டு விழா. பொன்னாடை, ரோஜா மாலை, மைக் செட்டு, வெளியூர்ப் பேச்சாளர்.

அதில் தப்பே இல்லை. காலனியில் ஒரு பிள்ளை பிறந்தாலும் ஒரு கிழம் போனாலும் முதலில் ஓடி வருவது அந்தப் புருஷனும் பெண்டாட்டியும்தான். ஊரெல்லாம் பேதி கண்ட வருஷம், கூடப் பிறந்தவனே வாசல் மிதிக்காத வீடுகளுக்குக் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் மேரி. தூக்க ஆளில்லாத பிணத்துக்குப் பாடை கட்டித் தானே ஒரு தோள் கொடுத்தவர் பாக்கியநாதன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முட்டி போடுகிற மனுஷன்தான், ஆடி மாசம் கங்கையம்மன் கூழுக்கும் அடுப்பு வெட்டுவார். அம்மனும் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

பொன்னாடைச் சேதியைச் சின்னப்பொண்ணின் புருஷன் குப்புராஜ்தான் கொண்டுபோய்ச் சொன்னான். அவன் சங்கத்துச் செயலாளர்.

"மாலையா?" என்றார் பாக்கியநாதன். "நான் இன்னா செத்தா பூட்டேன்? மைக் செட்டு கட்டினீங்கன்னா அன்னிக்கு நானும் இவளும் ரயிலேறி எங்கனா பூடுவோம், பாத்துக்கோ."

குப்புராஜ் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்து கூட்டத்தில் சொன்னான். ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். பெரியவர் அப்பாவு, "வேணாங்கறவனுக்கு மாலைய போட்டு இன்னாத்துக்கு? உட்டுருங்க" என்றார். அப்போதுதான் கடைசியில் நின்றிருந்த சின்னப்பொண்ணு வாய் திறந்தாள்.

"மாலை கெடக்கட்டும். ஒங்க எல்லாரையும் ஒண்ணு கேக்கறேன். அவங்க ரெண்டு பேரும் இந்தக் காலனில ஒரு கல்யாணத்துல, ஒரு காரியத்துல, மொத பந்தில ஒக்காந்து சாப்ட்டு யாராச்சும் பாத்துகிறீங்களா?"

யோசித்துப் பார்த்தவர்களுக்குத் திக்கென்றது. முதல் பந்தி என்ன, எந்தப் பந்தியிலும் பார்த்ததில்லை. மேரி கரண்டியோடு அடுப்பாண்டை நிற்பாள். பாக்கியநாதன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தித் தலைமாட்டில் நிற்பார். கடைசி இலை மடிந்தபிறகு ரெண்டு பேரும் அண்டாவின் அடி தட்டிக் கழுவுகிறபோது எதையோ வாயில் போட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான் தெரியும்.

"நான் ஒக்கார வெக்கறேன்" என்றாள் சின்னப்பொண்ணு. "அவங்க கை படாம நாங்க பொம்பளைங்களே ஆக்கறோம். ரெண்டு பேரயும் மொத பந்தில, மொத ரெண்டு இலைல ஒக்கார வெச்சி சோறு போடல, எம் பேரு சின்னப்பொண்ணு இல்ல."

"பேரு மாத்தினா ரேஷன் கார்டுலயும் மாத்தணுமே" என்றான் குப்புராஜ். அன்றைக்கு ராத்திரி அவனுக்குக் குழம்பில் காய் விழவில்லை.

அவள் இப்படி வரிந்துகட்டியதற்குக் காரணம் இருந்தது. ஒன்றல்ல, ரெண்டு.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை. மேரிக்குக் கல்யாணமான புதிது. மேலத்தெரு நாட்டாண்மை வீட்டில் ஒரு கல்யாணம். காலனி ஜனம் பூராவும் விறகு பிளந்து, தண்ணி சேந்தி, பந்தல் போட்டு முதுகொடிந்தது. எல்லாரும் உண்டு முடித்தபிறகு கொல்லைப்புறத்தில் இவர்களுக்கு இலை போட்டார்கள். சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. மேரி பிசைந்து கையில் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கணக்கப்பிள்ளை பின்னாலிருந்து வந்து, "சம்பந்தி ஊட்டு ஒறம்பற வண்டி வந்து நிக்குது, சோறு பத்தாது, எல்லாம் எழுந்திரு" என்றான். எழுந்தார்கள். அந்தக் காலத்தில் எழுந்திரு என்றால் எழுந்திருக்கத்தான் வேண்டும். கையிலிருந்த சோற்றை எங்கே போடுவதென்று தெரியாமல் மேரி வீடு வரைக்கும் கையை மூடிக்கொண்டே நடந்தாளாம்.

அதற்கப்புறம்தான் ரெண்டு பேரும் வீடு வீடாய்ப் பிடி அரிசி வாங்கி விற்று, காலனிக்கென்று சொந்தமாய் அண்டா வாங்கினார்கள். வாடகைக் கடையில் இவர்கள் தெருவுக்குப் பாத்திரம் தர மாட்டார்கள். தங்கள் தெருவில் தங்கள் அண்டாவில் ஆக்கித் தங்கள் ஜனத்தை உட்கார வைத்தார்கள். பாக்கியநாதன் அன்றைக்குப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. இலையில் உட்கார்ந்தவனை ஆண்டவனே வந்தாலும் எழுப்பக்கூடாது. அதற்குக் காவலாகத்தான் அந்த மனுஷன் இடுப்புத் துண்டோடு தலைமாட்டில் நிற்பது. ஊரையெல்லாம் உட்கார வைத்தார்களே தவிர, அவர்கள் உட்காரவில்லை.

ரெண்டாவது காரணம் சின்னப்பொண்ணுடையது. அவளுக்கு முதல் ரெண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. தங்காத கை என்று பெண்டுகள் அவளை மஞ்சள் இடிக்கக்கூட விட மாட்டார்கள். ஒரு கல்யாணத்தன்று அவள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மேரி எவ்வளவு சமைத்தாலும் உப்பு மட்டும் தன் கையால் போட மாட்டாள். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து யாரையாவது கூப்பிடுவாள். அன்றைக்கு, "சின்னப்பொண்ணு, இங்க வாடி. உப்ப ஒங்கையால போடு" என்றாள். நாலு பேர் முகத்தைச் சுளித்தார்கள். மேரி கரண்டியை அண்டா விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, "அவ போட்டாத்தான் நான் கிண்டுவேன்" என்றாள். சின்னப்பொண்ணு போட்டாள். ஊரே சாப்பிட்டது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் பிறந்த பெண் இப்போது ஸ்லேட்டும் பையுமாகப் பள்ளிக்கூடம் போகிறது. அந்த ஒரு பிடி உப்பைச் சின்னப்பொண்ணு செத்தாலும் மறப்பாளா?

மாலையும் மைக்கும் இல்லாத விழா நாள் விடிந்தது. பாக்கியநாதனை, "மாமா, சவரம் பண்ணிக்கினு வருவோம் வா" என்று குப்புராஜ் செவ்வாப்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனான். நாவிதரிடம், நிதானமாகச் செய்யும்படி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். மேரியை வீட்டைவிட்டு வரக்கூடாதென்று தடுத்தாகிவிட்டது. உட்காருவாயா என்று கேட்டதற்கு மேரி, "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

பள்ளிக்கூடத்தாண்டை புங்க மரத்து நிழலில் அடுப்பு எரிந்தது. பனி இன்னும் விடவில்லை. முருங்கைக்காயும் கத்திரிக்காயும் மலையாய்க் குவிந்திருந்தன. ஆட்டுக்கறி போடலாம் என்று ஒரு கட்சி கேட்டது. வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் நிறைய என்பதால் சாம்பார், வடை, பாயசம் என்று முடிவாகியிருந்தது. சின்னப்பொண்ணு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதிகாரம் பண்ணினாள். இங்கே விறகைத் தள்ளு, அங்கே பருப்பைக் கடை, ஏய் முத்தம்மா, இன்னா வேடிக்கை. புளியைக் கரைத்து ஊற்றிவிட்டு ரெண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டாள். போடும்போது கண் கலங்கியது. பிறகு சோறு வடிக்கும் இடத்துக்கு ஓடினாள்.

இலை நறுக்குகிற நேரம். வெயில் ஏறிவிட்டது. திரும்பி வந்து ஒரு சொட்டு சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். நாக்கு சுருண்டுபோனது. மறுபடி நக்கினாள். எண்ணூர் உப்பளத்தை அப்படியே கொண்டுவந்து கவிழ்த்த மாதிரி இருந்தது.

"யாருடி உப்பு போட்டது?" என்றாள்.

முத்தம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "நான்தான்" என்றாள். முத்தம்மா சின்ன வயசிலேயே தாலி அறுத்தவள். "எங்கூட்டுக்காரர் போனதுக்கப்பறம் மொதமொத என்னை நல்லதுக்குக் கூப்ட்டது மேரியக்காதான். இன்னிக்கு அக்கா இங்க இல்ல, கூப்பட ஆளில்ல. அதான் நானே போட்டேன்."

"நானுந்தான் போட்டேன்" என்றாள் புருஷன் விட்டுவிட்டுப் போன ஒருத்தி. "நானும்" என்றாள் பிள்ளையில்லாத ஒருத்தி. எருமை மேய்க்கும் ஊமைப் பெண் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டியது. ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், அடுப்பாண்டை ஆளில்லாத நேரம் பார்த்து, மேரி எப்போதோ கூப்பிட்டு நிறுத்தினவள் எல்லோரும் வந்து ஆளுக்கொரு கை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசியில் திருவள்ளூரிலிருந்து தினம் ரயிலில் வருகிற ஸத்யபாமா டீச்சர் கூச்சத்தோடு கிட்டே வந்தாள். கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பெண், இளம் வயசிலேயே புருஷனை இழந்து தனித்துப் போனவள்.

"கோச்சுக்காதே சின்னப்பொண்ணு. போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த அன்னிக்கு மேரி என்னைக் கூப்பிட்டுப் போடச் சொன்னா. எங்காத்துல யாரும் என்னை அப்படி ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டதில்லை. அதான் நானும் ஒரு பிடி..."

"நீயுமா டீச்சரம்மா?" என்று சின்னப்பொண்ணு தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரைத் திட்டுவது? முதல் கை அவளுடையது.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சொன்னாங்க. இத்தினி பேர் உப்பிட்டா யாரை நெனைக்கறது?" என்றார் அப்பாவு. அவருக்கு இதுதான் நேரம்.

ஒரு வழி இருந்தது. மேரியைக் கேட்பது. ஆனால் மேரி அடுப்பைப் பார்த்தால் கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள். கரண்டி அவள் கைக்குப் போனால் இலையில் உட்கார வைப்பது நடக்காது. சின்னப்பொண்ணு யோசித்துக்கொண்டே மேரி வீட்டுக்கு ஓடினாள். மூச்சு வாங்குவதை அடக்கி, ஜன்னலாண்டை நின்றாள். மேரி கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குச் சேலையைக் கட்டித் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். யாரோ ஒருத்தி, நம்மூரு இல்ல, சாம்பார்ல உப்ப கொஞ்சம் அள்ளிப் போட்டுட்டான்னு வெச்சிக்கோ..."

சீப்பு நின்றது. "எத்தினி பேரு போட்டீங்க?"

சின்னப்பொண்ணு விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

"இரு, நான் வந்து பாக்கறேன்" என்று மேரி எழுந்தாள். அவள் வாசலுக்கு வருவதற்குள் சின்னப்பொண்ணு சுற்றி ஓடிக் கதவைச் சாத்தி வெளி நாதாங்கியைப் போட்டுவிட்டாள்.

"அடிப்பாவி, தெறடி கதவ."

"தெறக்க மாட்டேன். வாயால சொல்லு. கையால ஒண்ணும் வாணாம்."

மேரி ஜன்னலுக்கு வந்தாள். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. "இன்னும் ரெண்டு அண்டா பருப்பு உப்பில்லாம வேகப் போடு. புளித் தண்ணி, காயி எல்லாம் புதுசா ஊத்தி, அத்த இதுல பிரிச்சிக் கலந்துடு. சோத்த உருண்டை புடிச்சித் துணில கட்டி உள்ள போட்டு எடு. அப்பவும் தூக்கலாத்தான் இருக்கும். மூணு அண்டா சாம்பார இன்னாடி செய்வ? கொட்டிடாத. நாலு ஜனத்தக் கூப்டு."

"சரிக்கா. நான் போறேன்."

"சின்னப்பொண்ணு." மேரி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குரல் மாறியிருந்தது. "என்னை ஒக்கார வெக்காதடி. நீங்க நெனைக்கற மாதிரி பெருந்தன்மைலாம் ஒண்ணும் இல்ல. எனக்குப் பயமாகீது. இலைல ஒக்காந்தா பின்னாலேந்து யாரோ வர்ற மாதிரியே இருக்கும். அவருக்கும் அப்டித்தான். அதான் தலமாட்டுலயே நின்னுக்கினு கீறாரு."

சின்னப்பொண்ணு ஜன்னல் கம்பிமேல் இருந்த மேரியின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு ஓடினாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் திருவிழாதான். வீட்டுக்கு வீடு பருப்பு டப்பா காலியானது. ரெண்டாம் அண்டா ஏறியது, மூணாம் அண்டா ஏறியது. பொடிசுகள் நாலு பக்கமும் பறந்தார்கள். தண்டவாளம் பழுது பார்க்கிற கேங்மேன்கள் கடப்பாரையை வைத்துவிட்டு வந்தார்கள். செங்கல் சூளையில் வேலை செய்கிற தெலுங்கு ஜனம், "நைனா, எங்களையுமா?" என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு குழந்தை குட்டியோடு வந்தது. காலனிக்கு மட்டும் என்று நினைத்த பந்தி ஊர்ப் பந்தியாகிவிட்டது. சின்னப்பொண்ணுக்குத் தலை கால் புரியவில்லை. ஓடினாள், கத்தினாள், வடையைத் திருப்பினாள், யார் முதுகிலோ ஒன்று வைத்தாள். சாம்பார் மூணு அண்டா ஆயிற்றே, சோறு பழைய அளவுதானே என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வழுவழு மோவாயோடு பாக்கியநாதன் வந்தார். நாதாங்கி திறந்து மேரியைக் கூட்டிவந்தார்கள். பந்தலில் இலை போட்டாகிவிட்டது. முதல் ரெண்டு இலையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அத்தனை ஜனமும் அவர்களையே பார்த்தது. பாக்கியநாதன் பழக்கதோஷத்தில் துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் போனார். சின்னப்பொண்ணு அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"குடு மாமா. இன்னிக்கு இது என்னுது."

துண்டைத் தன் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பந்தித் தலைமாட்டில் போய் நின்றாள். பாக்கியநாதன் மேரியைப் பார்த்தார். மேரி அவரைப் பார்த்தாள். ரெண்டு பேரும் மெதுவாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பந்தலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. முத்தம்மா சோறு போட்டாள். டீச்சர் சாம்பார் வாளியோடு வந்து ஊற்றினாள். பாக்கியநாதன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மேரி பிசைந்து, கையில் எடுத்தாள்.

சரியாக அப்போதுதான் அப்பாவு பின்னாலிருந்து வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார். பாவம், அந்தப் பழைய கதை அந்நேரம் அவருக்கு நினைவே இல்லை, அவசரம்தான் தெரிந்தது.

"பேஜாராப் போச்சி சின்னப்பொண்ணு. சூளை ஜனம் அப்டியே நிக்குது. சோறு பத்தாது."

சோறு பத்தாது என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், ரெண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். யோசிக்கவே இல்லை. உடம்பு தானாக எழுந்தது. மேரி கையிலிருந்த சோற்றை மூடிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் பிறகு ரொம்ப நாள் அதைப் பற்றிப் பேசவில்லை.

"ஒக்காரு" என்றாள் சின்னப்பொண்ணு.

அவள் கத்தவில்லை. அவ்வளவு மெதுவாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "யக்கா, ஒக்காரு. மாமா, ஒக்காரு. இலைல ஒக்காந்தவங்கள ஆண்டவனே வந்தாலும் எழுப்பக் கூடாது. நீ போட்ட சட்டம்தானே? நான் தலமாட்டுல நிக்கறேன். எவன் வருவான் பாக்கறேன்."

பிறகு பந்தலுக்கு வெளியே திரும்பினாள். அங்கே அவளுடைய சொந்தக் குரல் வந்துவிட்டது. "இன்னாத்த பாத்துக்கினு நிக்கறீங்க? அவங்கவங்க ஊட்ல ஆக்கின சோறு இல்ல? பழைய சோறு இல்ல? கொண்டாங்க."

காலனியே ஓடியது. வாழ்நாளில் அப்படி ஒரு ஓட்டத்தை யாரும் பார்த்ததில்லை. சட்டியும் பானையும் குண்டானும் வந்தன. புழுங்கல் சோறு, கேழ்வரகுக் களி, மூடி போட்ட தூக்கு. ராத்திரி ஷிப்டுக்குக் கட்டி வைத்த டிபன் கேரியரைக் குப்புராஜ் கொண்டுவந்து திறந்தான். எல்லாம் பந்தலில் இறங்கிற்று. சூளை ஜனம் உட்கார்ந்தது, கேங்மேன்கள் உட்கார்ந்தார்கள். முதல் ரெண்டு இலைக்குப் பின்னால் ஒருத்தரும் வரவில்லை. வரவும் முடியாது, அங்கே சின்னப்பொண்ணு நின்றாள்.

மேரியும் பாக்கியநாதனும் திரும்ப உட்கார்ந்திருந்தார்கள். மேரி மூடிய கையைத் திறந்தாள். அந்தச் சோற்றை வாயில் போட்டாள். மென்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல் அடுத்த வாய் எடுத்தாள்.

பாக்கியநாதன் ஒரு வாய் சாம்பார் சோற்றை விழுங்கிவிட்டுப் பெண்டாட்டி பக்கம் குனிந்தார். மெல்லத்தான் சொன்னார், ஆனால் பந்தல் அப்போது அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"அழுவாதடி. கண்ணு தண்ணி இலைல உழுந்துறப் போவுது. ஏற்கெனவே உப்பு ஜாஸ்தி."

பந்தலே கொல்லென்று சிரித்தது. முத்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், டீச்சர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அழுதுகொண்டே மேரியும் சிரித்துவிட்டாள். இலையில் குழி பறித்து, "இன்னொரு கரண்டி ஊத்துடி, சின்னப்பொண்ணு" என்றாள்.

"நான் இங்கேந்து நவுர மாட்டேன்" என்றாள் சின்னப்பொண்ணு, துண்டை இன்னும் ஒரு இறுக்கு இறுக்கிக்கொண்டு. "முத்தம்மா, யக்காவுக்கு ஊத்து."